ஒன்றாம் வகுப்புத் தமிழ்: ‘அ’வில் தொடங்குவதா, ‘ட’வில் தொடங்குவதா, சொல்லில் தொடங்குவதா?

கரும்பலகையில் ‘மரம்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னால், “மானா, ரானா, இம்மன்னா” என்று மூன்று எழுத்தையும் பிழையில்லாமல் சொல்கிறது பிள்ளை. “சேர்த்துச் சொல்லு கண்ணு, என்ன சொல்?” என்றால் விழிக்கிறது. இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் இப்படி நிற்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். எழுத்து தெரிகிறது, வாசிப்பு வரவில்லை. பிள்ளையின் அறிவிலோ வீட்டுச் சூழலிலோ காரணம் தேடுவதற்கு முன்னால், எந்த எழுத்தில் தொடங்கினோம், எதில் எத்தனை வாரம் செலவிட்டோம் என்று பார்த்துவிட வேண்டும்.

தொடங்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, அ, ஆ என்று அகர வரிசையில் போவது. இரண்டு, எழுத எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கி உடனே சொல் சேர்ப்பது. மூன்று, பிள்ளையின் பெயர், பழகிய சொல், சிறு வாக்கியம் ஆகியவற்றை முழுதாகக் காட்டிப் பின்னர் எழுத்தாகப் பிரிப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஈராசிரியர் பள்ளிகளையும், மாலை வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களையும் மனத்தில் வைத்து இம்மூன்றையும் ஒப்பிடுவோம்.

எதை வைத்து அளப்பது?

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிச் சொல்லியே மலைக்க வைத்துவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 216-உம் தனித்தனி வடிவங்கள் இல்லை. அகரம் ஏறிய 18 எழுத்தும், புள்ளியும், கால் (‘கா’வில் வருவது), விலங்கு (‘கி’யில் வருவது), கொம்பு (‘கெ’யில் வருவது) முதலான சில குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகள் மட்டும் உருமாறுவதால் தனியே பழக வேண்டியவை.

இப்போது ஒரு சாதாரண வாக்கியத்தை எழுத்து எழுத்தாக எண்ணிப் பாருங்கள்: ‘மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்’. மொத்தம் 14 எழுத்து. புள்ளி வைத்தவை 7 (ட், க், த், ண், ர், த், ள்). குறி ஏறியோ உருமாறியோ வருபவை 6 (மா, டு, கு, ணீ, வை, தா). வெறும் அகரம் ஏறியது ஒன்றே ஒன்று, ‘த’. உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் தனி வடிவத்தில் வரும், மற்ற இடங்களிலெல்லாம் மெய்யோடு ஒட்டிக் குறியாக நிற்கும். ஆகவே வாசிப்பின் பாரம் முழுவதும் புள்ளியிலும் குறியிலும்தான் இருக்கிறது. எந்த வழி பிள்ளையை அந்த இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோய், அங்கே நிதானமாக நிற்க நேரம் தருகிறது? என் அளவுகோல் இதுதான்.

அகர வரிசை

இதன் பெரிய பலம், வீட்டுக்குத் தெரிந்த வழி இது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட ‘ஆனா, ஆவன்னா’ சொல்லிக்கொடுத்துவிடுவார். ராகம் போட்டுச் சொல்லலாம். அ–ஆ, இ–ஈ, எ–ஏ என்று குறிலும் நெடிலும் ஜோடியாக வருவதால் காது நீட்டலைப் பிரித்தறியப் பழகுகிறது. பின்னாளில் அகராதி பார்க்கவும் இந்த வரிசை வேண்டும்.

ஆனால் முதல் வழியாக வைத்துக்கொண்டால் நேரம் தவறான இடத்தில் செலவாகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அ, இ, ஐ, ஔ ஆகியவை சிரமமான வடிவங்கள். சுழியும் வளைவும் மிகுந்தவை. அவற்றை முதலில் வைத்து ஜூன் முதல் செப்டம்பர் வரை 12 உயிரிலேயே ஓட்டினால், மேலே சொன்ன மாட்டுத் தண்ணீர் வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் அந்தப் பிள்ளையால் வாசிக்க முடியாது. அடுத்து 18 மெய், அதற்குப் பிறகு 216 கட்டம் போட்ட அட்டவணை. அந்த அட்டவணையில் ஙகர வரிசை முழுவதையும் எழுத வைக்கிறோம். ‘ங்’ தவிர அந்த வரிசையில் வேறெதையும் பிள்ளை தன் பாடத்தில் சந்திப்பது அரிது. ஔகார வரிசையும் பெரும்பாலும் அப்படியே.

இன்னொரு சிக்கல் எழுத்துப் பெயரால் வருவது. ‘ம்’ என்பதை ‘இம்’ என்றும் ‘இம்மன்னா’ என்றும் பழகிய பிள்ளை, ‘மரம்’ என்பதை ‘ம–ர–இம்’ என்று கூட்டுகிறது. நடுவில் நுழைந்த அந்த ‘இ’ சொல்லை உடைத்துவிடுகிறது.

படத்தோடு அச்சிட்ட எழுத்து அட்டவணையை நம்பும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஏணிப் படத்தைப் பார்த்து ‘ஏ’ என்று சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படத்தை மூடிவிட்டு, வரிசை கலைத்து, ‘ஏ’வை மட்டும் காட்டுங்கள். உதடு ‘அ, ஆ, இ, ஈ’ என்று முணுமுணுத்து ஓடிவந்து ‘ஏ’யில் நின்றால், வரிசை மனப்பாடம் ஆகியிருக்கிறது, எழுத்து இன்னும் மனத்தில் நிற்கவில்லை.

வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அது பாட்டாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் படித்த தாத்தா பாட்டி ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றைப் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டக்கூடும். பிள்ளை அப்படி எழுதி வந்தால் அடித்துத் திருத்தாமல், ‘இது பழைய எழுத்து, இப்போது இப்படி எழுதுகிறோம்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடலாம்.

ட, ப, ம வழி

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு, அதாவது பென்னாகரம், நல்லம்பள்ளி, அரூர், மொரப்பூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு, இதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ‘ட’ இரண்டு நேர்கோடு, ‘ப’ மூன்று நேர்கோடு, ‘ம’வில் ஒரு வளைவு கூடுகிறது. கை சீக்கிரம் பழகும். அதைவிட முக்கியம், முதல் வாரத்திலேயே ‘படம்’, ‘பட்டம்’ என்று சொல் வந்துவிடும். ‘நான் வாசித்துவிட்டேன்’ என்ற மகிழ்ச்சி பிள்ளைக்கு ஜூன் மாதத்திலேயே கிடைக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ட, ப, ம. கூடவே ட், ம். மூன்றாம் நான்காம் வாரம் ர, க, ச, ண. அதோடு மரம், சரம், கண், மண், பணம், கட்டம், சக்கரம், பம்பரம், மண்டபம் எல்லாம் வாசிக்கலாம். ஐந்தாம் ஆறாம் வாரம் ல, வ, த, ய, கூடவே ‘ங்’. கல், பல், பகல், வயல், கடல், வட்டம், தங்கம் வரும். இங்கே ஒரு நிறுத்தம். மீதி மெய்களுக்காகக் காத்திருக்காமல் ஏழாம் வாரமே துணைக்காலைக் கொண்டுவந்துவிட வேண்டும். பால், கால், வால், காய், பாடம், தாத்தா, மாங்காய். அப்போதே ‘அ’வை ஒரு எழுத்தாக அறிமுகப்படுத்தினால் அம்மா, அப்பா கைக்கு வந்துவிடும். அடுத்து விலங்கு: படி, மாடி, கரடி, பாட்டி. ‘ள’ சேர்த்துக்கொண்டால் தக்காளி, ராகி களி. காலையில் தின்றுவிட்டு வந்ததைப் பலகையில் தானே வாசிக்கிறது பிள்ளை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ட, ப, ம, ர, க, ச, ண, ல, வ, த, ய என 11 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, அகரம், கால், விலங்கு, விலங்குச் சுழி (‘கீ’யில் வருவது) என ஐந்து நிலை. 55 வடிவம் வாசிக்கத் தெரிந்துவிடுகிறது. அகர வரிசையில் போகும் வகுப்பு அப்போது ‘ஒ, ஓ, ஔ’வில் இருக்கும்.

இந்த வழியில் தவறு நேரும் இடங்களும் உண்டு. முதலாவது, ‘ட’ தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ண, ள, ழ, ற, ன ஆகியவையும் அப்படியே. ‘அ – அணில்’ என்பதுபோல் முதலெழுத்துப் படம் காட்டிக் கற்பிக்க முடியாது. ‘பட, மட, கட’ என்று சொல்லி நடு ஒலியைக் கேட்கவைத்துத்தான் ‘ட’வை அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டாவது, எழுத்து குறைவாக இருக்கிறதே என்று பொருள் தெரியாத சொற்களால் பக்கத்தை நிரப்புவது. பிள்ளைக்கு ‘மடம்’ தெரியாது என்றால் அந்தச் சொல் வேண்டாம். ஒலியைக் கூட்டியதும் ‘ஆமாம், இது எனக்குத் தெரிந்த சொல்’ என்ற சரிபார்ப்பு மனத்தில் நடக்க வேண்டும். மூன்றாவது, ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிவது. ‘கார்’, ‘காரம்’, ‘பாரம்’ போன்ற சொற்களில் பிள்ளை தடுமாறுவது இதனால்தான். பலகையில் எழுதும்போது ‘ர’வின் அடியிலுள்ள சாய்கோட்டைத் தெளிவாக இழுத்து எழுதுங்கள். கால் நேராக முடியட்டும். ‘ர’ கற்பித்த வாரத்திலேயே காலைக் கொண்டுவராதீர்கள்.

எழுத்தைக் கூட்டுவது எப்படி?

புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, இதைக் கையால் உணர்த்துங்கள். ‘மரம்’ இரண்டு தட்டு: ம–ரம். ‘பட்டம்’ இரண்டு தட்டு: பட்–டம். ‘சக்கரம்’ மூன்று: சக்–க–ரம். புள்ளி முன் எழுத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று சொல்லலாம். அட்டையில் ‘மர’ என்று எழுதி வைத்துக்கொண்டு, ‘ம்’ எழுதிய சிறு அட்டையை வலப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி ஒட்டவைக்கும்போது வாய் மூடவேண்டும். அதே ‘ம்’ அட்டையைக் ‘கர’, ‘சர’ பக்கத்தில் நகர்த்துங்கள். பிறகு ‘ல்’ அட்டை: பக–ல், கட–ல், வய–ல். மெய்க்கு ‘இம்’, ‘இல்’ என்ற பெயரே வகுப்பில் முதல் மூன்று மாதம் காதில் விழாமல் இருந்தால் நல்லது. திருமண அழைப்பிதழ்களை வெட்டினால் அட்டை கிடைக்கும். ஒரு குழுவுக்கு 60 அட்டை போதும்.

குறிகளில்தான் பாதி ஆண்டு போக வேண்டும்

எந்த வழியில் வந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் நிற்கும் இடம் இது. காலும் விலங்கும் எழுத்துக்கு வலப்பக்கமோ மேலேயோ வருவதால் சிக்கல் குறைவு. கொம்பு அப்படி இல்லை. எழுதும்போது முதலில் வருகிறது, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. ‘கெ’யில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. கொம்பைப் பார்த்துவிட்டுக் காலைத் தவறவிடும் பிள்ளை ‘கொடி’யைக் ‘கெடி’ என்கிறது. காலை மட்டும் பார்க்கும் பிள்ளை ‘காடி’ என்கிறது.

ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவது பலன் தரும். ‘த’ அட்டையை நடுவில் வையுங்கள். வலத்தில் கால் அட்டை: தா. அதை எடுத்துவிட்டு இடப்பக்கத்தில் ஒற்றைக் கொம்பு: தெ. கொம்பை எடுக்காமல் காலையும் வையுங்கள்: தொ. கொம்பை மட்டும் இரட்டைக் கொம்பாக மாற்றுங்கள்: தோ. பிறகு நடுவில் உள்ள ‘த’வை எடுத்துவிட்டுப் ‘ப’, ‘ம’, ‘க’ என்று மாற்றிக்கொண்டே போகலாம். குறி மாறாது, எழுத்து மாறும், பிள்ளை உடனுக்குடன் வாசிக்க வேண்டும். ஒரு குழுவில் ஆறு பேர் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு முறை வாய்ப்பு வரும்.

வரிசையில் என் பரிந்துரை: கால், விலங்கு, விலங்குச் சுழி, அதன்பின் உகரம், பிறகு ஐகாரம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கொம்பும் காலும் சேர்ந்த ஒகர ஓகாரங்கள், ஊகாரம். ஔகாரம் கடைசி. அட்டவணையில் ஐந்தாவதாக இருக்கும் உகரத்தைத் தள்ளிப்போடக் கூடாது, தமிழ்ச் சொற்களில் மிகப்பல உகரத்தில் முடிபவை. மாடு, ஆடு, வீடு, தட்டு, பாட்டு.

உகரத்தை 18 எழுத்தாகக் கொட்டாமல் மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே நேராகக் கோடு இறங்குபவை: சு, பு, யு, வு. கீழே சுழித்து வளைபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே இறங்கி வலப்பக்கமாக ஏறி முடிபவை: ணு, து, நு, லு, று, னு. ஒரு வாரம் ஒரு குடும்பம். முதல் குடும்பத்திலேயே ‘புளி’ வந்துவிடுகிறது. மண்தரையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி அதன்மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொன்னால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கைக்குப் புரியும். ஊகாரத்தைத் தனியே கற்பிக்காமல் பு–பூ, மு–மூ, து–தூ என்று ஜோடியாகவே காட்டுங்கள். ‘கூ’ மட்டும் ‘கு’விலிருந்து விலகி நிற்பதால் அதற்குத் தனி அட்டை. பாலக்கோட்டுப் பக்கம் ‘பட்டுப்பூச்சி’ என்ற சொல்லைப் பிள்ளை திணறாமல் வாசித்தால் உகரமும் ஊகாரமும் பிடிபட்டுவிட்டன என்று கொள்ளலாம்.

குறிலும் நெடிலும் பொருளை மாற்றுகின்றன என்று காட்ட ஜோடிச் சொற்கள்: பட்டி–பாட்டி, மலை–மாலை, விடு–வீடு, முடி–மூடி, குடை–கூடை, வெல்–வேல், பெட்டி–பேட்டி, கொடி–கோடி. நீங்கள் ஒன்றைச் சொல்ல, பிள்ளை இரண்டு அட்டைகளில் சரியானதை எடுக்க வேண்டும். அடுத்த நாள் பிள்ளை சொல்ல, நீங்கள் எடுங்கள். வேண்டுமென்றே தவறாக எடுத்தால் பிள்ளை திருத்தும். அந்தத் திருத்தம் பத்து முறை எழுதுவதைவிட ஆழமாகப் பதியும்.

வடிவமோ ஒலியோ நெருங்கிய எழுத்துகளை ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். ண–ன–ந, ல–ள–ழ, ர–ற ஆகியவற்றில் ஒன்று உறுதியாக நிலைத்தபின் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விட்டு மற்றது வரட்டும். ‘வித்தியாசம் காட்டுகிறேன்’ என்று முதல் நாளே மூன்றையும் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம்தான் குழம்பும்.

சொல்லில், வாக்கியத்தில் தொடங்குவது

இதன் அழகு, முதல் நாளே பொருளோடு தொடங்குகிறது. தன் பெயர் எழுதிய அட்டையை வாசலில் தேடி எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருவது, அதையே வருகைப்பதிவாக வைத்துக்கொள்வது, எந்தப் பள்ளியும் செலவில்லாமல் செய்யக்கூடியது. பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தை, ‘எங்க ஆடு குட்டி போட்டுது’ என்பதை, அப்படியே கேட்டு, ‘எங்கள் ஆடு குட்டி போட்டது’ என்று பலகையில் எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்வதும் சிறந்த பயிற்சி. பேச்சு எழுத்தாக மாறுகிறது என்ற உணர்வை வேறு எந்த வழியும் இவ்வளவு சீக்கிரம் தராது.

இதை மட்டுமே நம்பினால் தமிழில் ஒரு தடை வருகிறது. ‘மரம்’ என்ற சொல்லின் உருவத்தைப் படம்போலப் பதித்துக்கொண்ட பிள்ளை ‘மரத்தில்’ என்பதைப் பார்த்தால் நின்றுவிடும். ‘வீடு’ தெரியும், ‘வீட்டுக்கு’, ‘வீட்டை’, ‘வீட்டிலிருந்து’ தெரியாது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் உடலே மாறும் மொழி நம்முடையது. முழுச்சொல் நினைவு இங்கே வெகுதூரம் இழுக்காது. பேருந்துப் பலகையில் ‘பாலக்கோடு’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு அதிலிருந்து ‘பால்’ எழுதத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், நினைவா வாசிப்பா என்பது விளங்கிவிடும். அதனால் இதை முதல் நாள் முதல் தினமும் பத்து நிமிடம், இரண்டாம் வழியின் பக்கத்துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம்

இங்கே கணக்கு மாறுகிறது. பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, பிற மொழிவழிப் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பு தொடங்கித் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள். பிள்ளைக்குச் சொல்லே தெரியாதபோது ‘பட்டம், கட்டம்’ என்று எழுத்தைக் கூட்டிப் பயனில்லை. கூட்டிய ஒலியைச் சரிபார்க்க மனத்தில் சொல் இல்லை. முதல் ஆறு வாரம் பேச்சுக்கே முதலிடம்: உடல் உறுப்பு, வீட்டுப் பொருள், வா, போ, எடு, கொடு போன்ற ஏவல்கள், தினமும் புதிதாக ஐந்து சொல்.

எழுத்தைத் தொடங்கும்போது ட, ப, ம-வை விட்டுவிட்டு மூன்று மொழிக்கும் நெருங்கிய சொற்களிலிருந்து எழுத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்வேன். கண்: தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. கால்: இரண்டிலும் காலு. ஊர்: இரண்டிலும் ஊரு. மூக்கு: முக்கு, மூகு. ஆக க, ண, ல, துணைக்கால் ஆகியவை முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். ‘பால்’ தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்குப் பாலு, எளிது. கன்னட வீட்டுப் பிள்ளைக்கோ ஹாலு, பல் என்பதும் ஹல்லு. எந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

சொல் எழுதச் சொன்னால் இவர்கள் ‘காலு’, ‘ஊரு’ என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம், அவர்கள் மொழியில் சொல் உயிரில்தான் முடிகிறது. ‘வாயில் காலு, நோட்டில் கால்’ என்று அடிக்கடி சொல்லிப் பழக்கினால் போதும்.

தெலுங்கோ கன்னடமோ எழுதத் தெரிந்த பிள்ளை இன்னொரு நியாயமான கேள்வி கேட்கும். அவர்கள் எழுத்தில் வல்லோசைக்கு ஒன்று, மெல்லோசைக்கு ஒன்று என்று தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் கல், தங்கம், பகல் மூன்றுக்கும் ஒரே ககரம். இதற்கு எளிய விதி இருக்கிறது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வன்மையாக ஒலிக்கும் (கல், பக்கம்). மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மையாகும் (தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி). இரண்டு உயிரோசைக்கு நடுவே தனியாக வந்தால் நெகிழும் (பகல், படம், ராகி). ‘பஸ்’ போன்ற வந்த சொற்கள் இந்த விதிக்குள் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வகுப்புவாரியா, நிலைவாரியா?

2007–08 முதல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில், பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணியும் அட்டையுமாக ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் நகர்ந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளிலும் மற்ற ஈராசிரியர் பள்ளிகளிலும் நிலைவாரிக் குழுதான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பும் பிள்ளை, விட்ட இடத்தில் தொடங்க முடிவது இதில்தான். போகும் நாளில் ‘கால், விலங்கு முடிந்தது, உகரம் முதல் குடும்பம் பாதி’ என்று ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தால், அங்கே சேரும் வகுப்புக்கும் உதவும்.

24 பிள்ளைகள், மூன்று குழு, 40 நிமிடம் என்றால் ஒவ்வொரு குழுவோடும் ஆசிரியர் நேரடியாக 12 நிமிடம் உட்காரலாம். மற்ற இரண்டு குழுவுக்கும் தானே செய்யக்கூடிய வேலை முன்கூட்டியே தயாராக இல்லையென்றால் அந்த 12 நிமிடமும் கிடைக்காது. ஜோடி அட்டை சேர்த்தல், சொல் அடுக்குதல், தரையில் எழுதுதல் போதும். நிலைவாரிக் குழு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அரும்பில் வைத்த பிள்ளை ஆண்டு முடியும்வரை அரும்பிலேயே இருந்துவிடுகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லி நகர்த்துங்கள். ‘நீ அரும்பு’ என்ற பேச்சு வகுப்பில் எழவே கூடாது.

பார்த்து எழுதுதலும் கேட்டு எழுதுதலும்

ஐந்து முறை பார்த்து எழுதச் சொன்னால் முதல் வரியில் விழுந்த பிழை ஐந்து வரிக்கும் இறங்கும். பார்த்து எழுதுதல் கைக்கு மட்டுமே பயிற்சி. முதல் மாதம் மணல் பரப்பிய தாம்பாளம், தரை, சிலேட்டு. பிறகு இரட்டைக்கோடு நோட்டு, ஒரு நாளைக்கு நான்கு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

காதும் கையும் சேர்ந்து வேலை செய்வது கேட்டு எழுதும்போதுதான். தினமும் ஐந்து சொல் போதும்: மூன்று இன்றைய பாடத்தில், ஒன்று போன வாரத்தில், ஒன்று பிள்ளை இதுவரை எழுதாத, ஆனால் கற்ற எழுத்துகளாலேயே ஆன சொல். அந்த ஐந்தாவது சொல்தான் உண்மையைச் சொல்லும். திருத்தும்போது பிழையை மூன்றாகப் பிரியுங்கள். குறில் நெடில் மாறியது, புள்ளி விட்டது, ல–ள–ழ, ன–ண, ர–ற மாறியது. ஒன்றாம் வகுப்பில் முதல் இரண்டை மட்டும் திருத்தினால் போதும். ‘வாழைப்பழம்’ என்பதைப் பேச்சில் ‘வாளப்பளம்’ என்றே கேட்கும் பிள்ளையிடம் ழகரப் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டுப் பயனில்லை. அதை இரண்டாம் வகுப்பில் பழம், மழை, கிழமை, வாழை என்று சொற்கூட்டமாகக் காட்டிப் பழக்கலாம். இலை ‘எலை’யாகவும், உடம்பு ‘ஒடம்பு’வாகவும் வருவதும் காதில் கேட்டதை நேர்மையாக எழுதியதுதான்.

வேகத்தை அளக்கும்போது ஒரு கவனம். ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான நிபுண் பாரத் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு வைக்கிறது. தமிழில் ‘வா’வும் ஒரு சொல், ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல். முன்னது ஓர் எழுத்து, பின்னது 12. சொல்லை எண்ணாமல் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த எழுத்தை எண்ணி, அதே பிள்ளையின் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நடு ஆண்டில், மூன்றாம் வகுப்பில், வாசிக்காத பிள்ளை கையில் கிடைத்தால்

அங்கே மூன்று வழியில் எது என்ற கேள்வியே வேண்டாம். எங்கே நிற்கிறது என்று பார்க்க மூன்று நிமிடம் போதும். ம, க, த, ட, ர, வ என்று கலைத்த எழுத்துகள். அடுத்து கண், மரம், வட்டம், சக்கரம். அடுத்து பாட்டி, மாடு, வீடு, குடை. அடுத்து பெட்டி, கோழி, தொட்டில், தேங்காய். கடைசியில் ‘ஆடு மேயப் போனது. தம்பி அதைத் தேடினான்.’ எந்த வரிசையில் இரண்டு இடத்தில் தடுக்குகிறதோ அந்த வரிசையில் தொடங்குங்கள், அதற்கு முந்தைய வரிசைக்கு இரண்டு நாள் மட்டும் கொடுத்து. கண், மரம் வாசித்துவிட்டுப் பெட்டியில் நிற்கும் பிள்ளையை மறுபடி ‘அ’விலிருந்து தொடங்க வைத்தால், ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு இன்னொரு பருவம் போய்விடும். கொம்பு அட்டையையும் கால் அட்டையையும் எடுத்துக்கொண்டு, நடுவில் ‘த’வை வைத்து, அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.